பதினெட்டு மார்க்

ஜூன் 14, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். தினமும் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். தலைவலி உண்டா, வாந்தி உண்டா, இழுப்பு வந்ததா, தூங்கினாரா. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இதே கட்டங்கள்தான். ஒரு மனுஷன் படுகிற பாட்டை எழுத அதில் இடமே இல்லை. அதனால் டியூஷன் பிள்ளைகள் விட்டுப் போன நோட்டு ஒன்றை எடுத்து இதைத் தனியாகத் தொடங்கியிருக்கிறேன். முன்னால் நாலு தாளில் யாரோ இயற்கணிதம் போட்டு வைத்திருக்கிறான். நாலும் தப்பு.

மார்ச்சில் என் வீட்டுக்காரர் தலையைத் திறந்து எலுமிச்சம்பழம் அளவுக் கட்டியை எடுத்தார்கள். பிறகு முப்பது நாள் கதிர்வீச்சு, இங்கே கரண்ட் என்பார்கள், அது வைத்தார்கள். இது திரும்ப வருகிற ஜாதிக் கட்டி என்று டாக்டர் வித்யாசாகர் அன்றைக்கே சொல்லிவிட்டார். கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தாயிற்று, தெரியாதது உள்ளே வேர்விட்டுக் கிடக்கிறதாம். ரத்தத்தில் ஏற்றுகிற மருந்தை மூளை உள்ளே விடாதாம், வாசலிலேயே நிறுத்திவிடுமாம். அதனால் கட்டி இருந்த குழிக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, அதன் மேல்நுனியில் தோலுக்கடியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குமிழ் வைத்திருக்கிறார்கள். அந்தக் குமிழில் ஊசி குத்தி மருந்தை நேராகக் குழிக்குள் விடப் போகிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை. இது ஆராய்ச்சி, மருந்துக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, எழுத்தும் நம்பரும்தான். இவருக்கு முன்னால் மூன்று பேருக்குத்தான் கொடுத்திருக்கிறார்களாம்.

இருபத்தாறு பக்கம் ஒப்புதல் படிவம். எங்கெங்கே பென்சிலில் குறி போட்டிருந்ததோ அங்கெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

இன்று மருந்துக்கு முன்னால் ஒரு பரீட்சை வைத்தார்கள். ஆராய்ச்சியைக் கவனிக்கிற பெண் பெயர் பெனிட்டா, சின்னப் பெண், ஆனால் நல்ல கண்டிப்பு. ஐந்து வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். கடிகாரம் வரையச் சொன்னாள். இன்றைய தேதி, எந்த ஊர், எத்தனையாவது மாடி. 'ப' வரிசையில் தொடங்குகிற வார்த்தைகள் ஒரு நிமிஷத்தில் எத்தனை சொல்ல முடியும் என்றாள். உடுமலை பஸ் ஸ்டாண்டில் இருபத்தேழு வருஷம் டைம் கீப்பராக இருந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? "பழனி, பல்லடம், பொள்ளாச்சி, பெதப்பம்பட்டி, புஷ்பத்தூர், பூளவாடி, பெரியகோட்டை" என்று மூச்சு விடாமல் சொன்னார். பெனிட்டாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முப்பதுக்கு இருபத்தைந்து.

"ஒவ்வொரு டோஸுக்கு முன்னாலயும் இது இருக்குங்க மேடம். பதினெட்டுக்குக் கீழ போச்சுன்னா மருந்தை நிறுத்திருவோம்" என்றாள், பேப்பரை அடுக்கிக்கொண்டே.

சரி, பாஸ் மார்க் பதினெட்டு.

ஜூன் 16, வியாழன்

முதல் டோஸ். "சில்லுனு இருக்குது புள்ள" என்றார். அவ்வளவுதான். பொள்ளாச்சி வழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தோம். கோமங்கலத்தில் வேறொரு கண்டக்டர் ஏறி, "டைம் கீப்பருங்களா, எப்படி இருக்கீங்க?" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இவர் முகத்தில் ஒரு பெருமை பார்த்தேன். எனக்கும் நிறைவாக இருந்தது.

ஜூன் 27, திங்கள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். இவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பிள்ளைகள் சிரித்தன. அதட்டினேன்.

ஜூலை 5, செவ்வாய்

இருபத்தொன்று.

இருபத்தைந்திலிருந்து இருபத்தொன்று. ஐந்து வார்த்தையில் இரண்டை விட்டுவிட்டார். கடிகாரத்தில் முள்ளை ஒழுங்காகப் போடவில்லை. வாழ்நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கின மனுஷன்! பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இப்படியே போனால் அடுத்த பரீட்சையில் பதினேழு. மருந்து நின்றுபோகும். மருந்து நின்றால் கட்டி வரும். கட்டி வந்தால் என்ன என்று டாக்டர் சொல்ல வேண்டியதில்லை, எனக்கே தெரியும்.

பத்தொன்பது வருஷமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பள்ளிக்கூடம் கைகழுவின பிள்ளைகளைத்தான் என்னிடம் கொண்டு வந்து விடுவார்கள். ஒன்றையாவது தோற்க விட்டிருப்பேனா? தேற்றத்தை விளங்க வைக்க முடியாவிட்டால் மனப்பாடம் செய்ய வைத்தாவது முப்பத்தைந்து போட்டுக் கரையேற்றியிருக்கிறேன். சொந்தப் புருஷனை விட்டுவிடுவேனா?

ஜூலை 8, வெள்ளி

நேற்று இரண்டாவது டோஸ் ஆயிற்று. இன்று பாடம் ஆரம்பம்.

பெனிட்டா கேட்டதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவையும் அதே ஐந்து வார்த்தைகள். அவளிடம் ஒரே தாள்தான் இருக்கிறது, மாற்றுவதில்லை. எதற்கு எத்தனை மார்க் என்பதையும் அது மேஜைமேல் கிடந்தபோதே தலைகீழாகப் படித்துக்கொண்டேன். பரீட்சை மேற்பார்வைக்குப் போய்ப் போய் வந்த பழக்கம் அது.

குதிரை, சந்தை, மஞ்சள், தேன், ஏணி. "குதிரையில ஏறிச் சந்தைக்குப் போனீங்க, மஞ்சளும் தேனும் வாங்கினீங்க, ஏணி வெச்சுப் பரண்மேல ஏத்துனீங்க. சொல்லுங்க பாக்கலாம்." சொன்னார். காலையில் இருபது தடவை, சாயங்காலம் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார வைத்து இருபது தடவை. கடிகாரம் தினமும் பத்து.

ஜூலை 13, புதன்

மாலையில் வலது கை தானாக உதறியது. வாயும் ஒரு பக்கமாகக் கோணியது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் 'இழுப்பு' என்ற கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இல்லை' என்று டிக் அடித்தேன். இழுப்பென்றால் கீழே விழுந்து நுரை தள்ளுவது, இது கை மரத்துப் போனது.

ஜூலை 20, புதன்

இன்று பாடத்துக்கு உட்கார மறுத்தார். நோட்டைத் தள்ளி விட்டார்.

"எனக்கு வார்த்தை வரமாட்டீங்குது புள்ள. இது உள்ளார இருக்குது, வாய்க்கு வரமாட்டீங்குது. டாக்டருகிட்டச் சொல்லோணும்."

"சொல்லலாமுங்க. மொதல்ல அஞ்சு வார்த்தையச் சொல்லுங்க."

என்னையே பார்த்தார். பிறகு சொன்னார். ஐந்தும் சரி. அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

தக்காளி ரசம் வைத்தேன். டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிக்கொண்டார்.

ஜூலை 26, செவ்வாய்

இருபத்தாறு! முதல் தடவையைவிட ஒன்று கூட. பெனிட்டா கை தட்டினாள். டாக்டரே அறையிலிருந்து எழுந்து வந்து இவர் தோளில் தட்டி, "எங்களுக்கே தைரியம் குடுக்கறீங்க நாச்சிமுத்து" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

மூன்றாவது டோஸ் வியாழக்கிழமை.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. தலைவலி இல்லை. வாந்தி இல்லை. இழுப்பு இல்லை. பால்காரரை என் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெயில் அப்படி அடிக்கிறது, யாருக்குத்தான் புத்தி நிலையாக இருக்கும்?

ஆகஸ்ட் 16, செவ்வாய்

இருபத்தைந்து.

காத்திருக்கும் இடத்தில் மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆனந்தகுமார் என்று பெயர், வாழைத்தார் லாரி ஓட்டுகிறாராம். பெண்டாட்டி பிரேமலதாவுக்கு இதே கட்டி. முப்பத்து நாலு வயசு, தலையைச் சுற்றிப் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். ஏழு வயசில் ஒரு பெண் குழந்தையாம். ஆபரேஷன் முடிந்துவிட்டது, குமிழும் வைத்தாயிற்று. மருந்துக்குக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன் எப்படி இருக்காருங்க அக்கா? மருந்து ஒத்துக்குதுங்களா?"

"பாத்தாலே தெரியலீங்களா? மொத டோஸுக்கு இருபத்தஞ்சு மார்க்கு, இப்பவும் இருபத்தஞ்சு. ஒரு தலைவலி உண்டுங்களா, ஒண்ணு உண்டுங்களா?"

அந்த நேரம் பார்த்து இவர், யாரும் கேட்காமலே, "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் பதினாறு, கோயமுத்தூர், மூணாவது மாடி" என்றார். காலையில் சொல்லிக் கொடுத்தது. ஆனந்தகுமார் வாய் பிளந்து பார்த்தார். பிரேமலதா சிரித்தாள். அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது என் கையைப் பிடித்து, "உங்களப் பாத்ததும்தானுங்க அக்கா எங்களுக்குத் தெம்பே வந்துச்சு" என்றாள்.

நல்லது செய்திருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, புதன்

மகள் இந்துமதி ஈரோட்டிலிருந்து வந்தாள். இவருக்குப் பிடிக்கும் என்று இனிப்புப் போளி, எங்கள் பக்கம் ஒப்பிட்டு என்போம், அதைச் செய்து கொண்டு வந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து, "அப்பா, நான் யாரு?" என்று கேட்டாள்.

"குதிரை, சந்தை, மஞ்சள், தேன், ஏணி" என்றார்.

அவள் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. திரும்பக் கேட்டாள். அவர் திரும்பச் சொன்னார். "பசிக்குதுங்களாப்பா?" அதற்கும் அதையேதான் சொன்னார். பிறகு அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் தேதியைச் சொன்னார், அதுவும் ஆகஸ்ட் பதினாறு.

இந்துமதி சமையல்கட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். "அம்மா, நீ அப்பாவ என்ன பண்ணிட்டிருக்க?"

நான் கத்தினேன். நான்கு மாதமாக அவர் மூத்திரத் துணி துவைக்கிறது யார், வாரம் தவறாமல் மருந்து வாங்க அலைகிறது யார், மாதம் ஒரு முறை வந்து கேள்வி கேட்கிறவள் யார் என்றெல்லாம் கத்தினேன். சாப்பிடாமலே போய்விட்டாள். கத்தியது தப்புத்தான்.

அவர் ஒப்பிட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பிட்டு ஊட்டினேன்.

செப்டம்பர் 6, செவ்வாய்

இருபத்து நாலு.

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பரீட்சை முடிந்து இவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போனார்கள். நானும் பெனிட்டாவும் மட்டும் இருந்தோம். "மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் குடுத்தா இன்னும் சீக்கிரம் குணமாகுமா பெனிட்டா?" என்று கேட்டேன். ஆசைதான்.

"அவருக்குக் கூட்ட மாட்டோம் மேடம். ஆனா அடுத்தவங்களுக்கு ரெண்டு பங்காக்கறோம். பதினஞ்சாம் தேதி பிரேமலதாவுக்கு. எல்லாம் உங்க சார் புண்ணியம்தான். நாலு டோஸ் போயும் மார்க் எறங்கலையே."

"மார்க்குக்கும் அதுக்கும் என்ன?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். படிவத்திலேயே இருக்கிறது என்றாள், ஒன்பதாம் பக்கம். இந்த மருந்து கட்டியை மட்டும் சுடாதாம். அளவு மிஞ்சினால் பக்கத்தில் இருக்கிற நல்ல மூளையையும் சுட்டுவிடுமாம். எந்த அளவில் சுடத் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் கேள்வியெல்லாம். மார்க் இறங்கினால் உடனே மருந்தை நிறுத்தி, வீக்கத்துக்கு ஊசி போட்டு, கெட்டதைத் திருப்பப் பார்ப்பார்களாம். "போன ஸ்கேன்லயே குழியச் சுத்தி ஒரு வெளுப்பு தெரிஞ்சுது. வேற யாராவது இருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்போம். ஆனா சார் இவ்வளவு நல்லாப் பதில் சொல்றாரு. அதனால அது வெறும் தழும்பா இருக்கும்னு டாக்டர் முடிவு பண்ணிட்டார்."

நான் தலையாட்டினேன். நன்றி சொன்னேன். தண்ணீர் குடித்தேன்.

கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதுகிற பிள்ளையின் காதைத் திருகுகிறவள் நான்.

செப்டம்பர் 8, வியாழன்

ஐந்தாவது டோஸ் போட்டார்கள். பக்கத்தில்தான் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, வெள்ளி

உளுந்து ஊறப் போட்டேன். பின்வாசல் குழாயில் ஒழுகல், வாஷர் மாற்ற ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 10, சனி

ஏன் சொல்லவில்லை என்று எழுதிவிடுகிறேன். சொன்னால் மருந்தை நிறுத்துவார்கள். நிறுத்தினால் கட்டி வரும். மருந்து சுடுகிறது என்றால் கட்டியையும் சுடுகிறது என்றுதானே அர்த்தம். பேச்சுப் போனால் போகிறது, ஆள் இருந்தால் போதும். இப்படித்தான் வியாழக்கிழமை ஊசி இறங்கும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது முழுக்க நிஜமில்லை. நான் என்ன செய்தேன் என்று பெனிட்டாவுக்கும் டாக்டருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டம்பர் 11, ஞாயிறு

பாடம் எடுக்கவில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு அவராகவே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து ஐந்து வார்த்தையையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். போதும் என்றாலும் நிறுத்தவில்லை. வாயைப் பொத்தினேன். என் விரலுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 13, செவ்வாய்

வலது கால் இழுத்துக்கொண்டு வருகிறது. குளிக்க வைக்கும்போது என்னை யாரென்று தெரியாமல் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

பிரேமலதாவுக்கு நாளை மறுநாள். அவள் சிரித்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இவருக்கு நடந்ததைவிட இரண்டு பங்கு.

செப்டம்பர் 14, புதன்

இவரைக் கார் வைத்து அழைத்துப் போனேன். இந்த நோட்டையும் எடுத்துப் போனேன். டாக்டர் வித்யாசாகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவர் முதலில் நம்பவில்லை. இவர் பக்கம் திரும்பி, "நாச்சிமுத்து, உங்க கல்யாணம் எங்க நடந்துச்சு?" என்று கேட்டார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். குதிரை, சந்தை. டாக்டர் பேனா, சாவி, கைக்குட்டை மூன்றையும் மேஜையில் வைத்து, எது சாவி என்று காட்டச் சொன்னார். இவர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், பதில் தெரியாத பிள்ளை பார்ப்பதுபோல. பெனிட்டா புதிதாக ஒரு தாள் எடுத்து முழுப் பரீட்சையும் வைத்தாள். முப்பதுக்கு நாலு.

டாக்டர் என் நோட்டை வாங்கிப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. ஜூலை இருபதாம் தேதியில் விரலை வைத்தார். "இவரே சொல்லச் சொல்லியிருக்காரே அம்மா" என்றார். "அன்னைக்குச் சொல்லியிருந்தீங்கன்னா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அப்புறம், "அந்த வெளுப்பை நான் விட்டிருக்கக் கூடாது" என்றார். அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

பிரேமலதாவின் டோஸை நிறுத்தினார்கள். ஆராய்ச்சியையே நிறுத்தி வைத்தார்கள், விசாரணை முடியும்வரை.

நடைவழியில் ஆனந்தகுமார் என்னைப் பிடித்துக்கொண்டார். காப்பாற்றினீர்கள் என்று சொல்வார் என்று உள்ளூர ஒரு நப்பாசை எனக்கு இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். "உங்க ஊட்டுக்காரருக்கு அஞ்சு ஊசி போட்டாச்சு. எம் பொஞ்சாதிக்கு ஒண்ணுகூட இல்லாமப் பண்ணிட்டீங்களே! இனி நான் எங்க போவேன்?" என்று எல்லாரும் பார்க்கக் கத்தினார். அழுதார். பிரேமலதா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதைத்தானே ஜூலை மாதம் முழுக்க நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 30, வெள்ளி

பதினாறு நாள் வார்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். வீக்கத்துக்கு ஊசி போட்டதில் கால் கொஞ்சம் தேவலை. பேச்சு வரவில்லை. அந்த ஐந்து வார்த்தையும் போய்விட்டது. சுட்டது சுட்டதுதான், திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டி இன்னும் தலைகாட்டவில்லை. மருந்து அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறது.

டியூஷன் பிள்ளைகளை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பெஞ்சுகளைப் பின்கட்டுக்குத் தள்ளினேன்.

அக்டோபர் 16, ஞாயிறு

இந்துமதி வந்தாள். ஞாயிறு ஞாயிறு வருகிறாள். அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டாள், முதுகுக்கு எண்ணெய் தேய்த்தாள். என்னோடு பேசுவதில்லை. வெளியே போகும்போது மட்டும், "தும்ப விட்டுட்டு வாலப் புடிச்சிருக்கற" என்றாள். இரண்டு மாதத்தில் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம்.

நவம்பர் 4, வெள்ளி

விசாரணைக்குழு முன்னால் இரண்டாம் முறை. இந்த நோட்டைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். முன்பக்கத்துத் தப்புக் கணக்கையும் சேர்த்து. ஆராய்ச்சியைத் திரும்பத் தொடங்கப் போகிறார்களாம், பழைய அளவிலும் குறைத்து. கேள்வித்தாள் எல்லாம் மாற்றியாயிற்று. இனிமேல் இருபத்து நாலு மார்க்குக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கவே மாட்டார்களாம்.

நவம்பர் 23, புதன்

காலை பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. ஆனந்தகுமாரும் பிரேமலதாவும். இரண்டு பேரும் மேட்டுப்பாளையத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். அன்றைக்குக் கத்தியதற்கு ஆனந்தகுமார் மன்னிப்புக் கேட்டார். காபி போட்டுக் கொடுத்தேன். அவள் இளைத்திருந்தாள், இடது கண் பாதி மூடியிருந்தது. மடியில் புது நோட்டு ஒன்றும் பேனாவும் வைத்திருந்தாள்.

"போன வாரம் பரீச்ச வெச்சாங்க அக்கா. பத்தொம்பதுதான் வாங்கினேன். இருபத்தி நாலு வேணுமாமா. டிசம்பர்ல இன்னொருக்கா எழுதலாம்னு சொன்னாங்க" என்றாள்.

எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"தாளை மாத்திட்டாங்களே கண்ணு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுமே இப்ப இல்ல."

"வார்த்தை வேண்டாமுங்க அக்கா. எப்படி மனசுல வெக்கறதுன்னு சொல்லிக் குடுங்க, போதும். அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்தீங்களே, அந்த மாதிரி. நான் நல்லாப் படிக்கற புள்ளதானுங்க. பன்னண்டாவதுல ஆயிரத்தி நாப்பது வாங்கினேன்."

அந்த மார்க் எதற்காக என்று சொன்னேன். ஒன்பதாம் பக்கத்தில் இருப்பதை எல்லாம் சொன்னேன், பத்தாம் வகுப்புக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஏற்கெனவே கெட்டுப்போன மூளை இந்த மருந்தைத் தாங்காது, அதனால்தான் இருபத்து நாலு என்று வைத்திருக்கிறார்கள் என்றேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடக்கிற இவரைக் காட்டினேன். வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டேன், அவள் பார்க்க வேண்டும் என்றேதான்.

நெடுநேரம் பார்த்தாள்.

"பெனிட்டா மேடம் எல்லாம் சொன்னாங்க அக்கா. தெரிஞ்சுதான் வந்தேன்" என்றாள். "அண்ணனுக்கு ஆபரேசன் ஆகி எட்டு மாசம் ஆச்சுங்களே. இருக்காருங்களே. எனக்கு உள்ள மறுபடியும் வந்திருச்சு, தை மாசம் தாண்டாதுன்னு சொல்லிட்டாங்க. எம் புள்ள வந்து மடியில படுத்துக்கறதுக்கு நான் பேசோணும்னு இல்லீங்களே அக்கா."

ஆனந்தகுமார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முடியாது என்றேன். திரும்பக் கேட்டாள், முடியாது என்றேன். மூன்றாம் தடவை கேட்கும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், அப்போதும் முடியாது என்றேன். பத்தொன்பது வருஷத்தில் படிக்க வந்த ஒருவரை நான் திருப்பி அனுப்பியது இதுதான் முதல் தடவை. அவள் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரிங்க அக்கா, வர்றேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஆட்டோ கிடைக்க அரை மணி நேரமாயிற்று. அதுவரை வெயிலில் நின்றார்கள், உள்ளே வந்து உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் போன பிறகு இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நான் செய்தது சரிதானுங்களா என்று கேட்டேன். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவரைத் திருப்பிப் படுக்க வைத்தேன்.